சருமத் தசையழற்சி: ஒரு நோயின் வரலாறும் ஒரு கொள்கையின் வரலாறும்

மருத்துவ வரலாறு மருந்துகளின் வரலாறு மட்டுமன்று. மனிதன் தன் உடலைப் பற்றிக் காலந்தோறும் கொண்டிருந்த எண்ணங்களின் வரலாறுமாகும். கொள்ளைநோய், பெரியம்மை, வாந்திபேதி என்பன நாடுகளையே நடுக்கியவை. அவற்றின் வரலாற்றை எழுதியோர் பலர். ஆயினும், அரிதாகவே தோன்றிச் சிலரை மட்டும் பீடிக்கும் நோய்களின் வரலாறு சில வேளைகளில் பெருநோய்களின் வரலாற்றினும் மிகுதியான உண்மைகளை உணர்த்த வல்லது. அத்தகைய நோய்களுள் ஒன்று சருமத் தசையழற்சி. ஆங்கில மருத்துவ நூல்கள் இதனை தெர்மற்றோமயோசைற்றிஸ் எனக் குறிக்கும். ஆண்டொன்றுக்கு இலட்சம் மக்களுள் ஏறத்தாழ ஒருவரையே இந்நோய் புதிதாகப் பற்றுகின்றது. ஆண்களினும் பெண்களே ஏறக்குறைய இரு மடங்காக இதற்கு ஆளாகின்றனர். சிறு பிள்ளைகளையும் இது விட்டுவைப்பதில்லை.

நோயின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். நோயாளிக்குத் தோள்களிலும் தொடைகளிலும் உள்ள பெருந்தசைகள் இரு புறமும் ஒருசேர வலுவிழக்கின்றன. கதிரையிலிருந்து எழவும், படி ஏறவும், கையை உயர்த்தித் தலை வாரவும் இயலாமற் போகின்றது. நோய் முற்றினால் உணவை விழுங்குதலும் மூச்சு விடுதலும் இடர்ப்படும். இதனோடு தோலிலும் குறிகள் தோன்றுகின்றன. மேலிமைகளில் கத்தரிப்பூ நிறம் படர்கின்றது. விரல் மூட்டுக்களின் மேற்புறத்தில் சிவந்த தடிப்புக்கள் எழுகின்றன. அகத்தின் நிலை முகத்தில் தெரியும் என்னும் முதுமொழி இந்நோயைப் பொறுத்தவரை சொல்லளவில் உண்மையாகின்றது. உள்ளே தசையில் நிகழும் கேட்டைக் கண்ணிமை வெளியே அறிவித்து நிற்கின்றது.

நோயின் பெயர் கிரேக்கச் சொற்களால் ஆயது. 'தெர்மா' என்பது தோல். 'மைஸ்' என்பது தசை. ஈற்றில் நிற்பது அழற்சியைச் சுட்டும் விகுதி. 'மைஸ்' என்னும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் எலி என்ற பொருளும் உண்டு. இலத்தீனிலும் தசையைக் குறிக்கும் சொல் 'சிறிய எலி' என்னும் பொருளதே. தோலின் கீழ் தசை அசையும் தோற்றம் பண்டையோருக்கு எலியின் ஓட்டத்தை நினைவூட்டியது போலும். இப்பெயர் 1891ஆம் ஆண்டிலேயே வழக்கிற்கு வந்தது. நோய் அதற்கு முன்னும் இருந்தது; ஆனால் வேறு பெயர்களின் பின்னால் மறைந்து கிடந்தது. அவ்வாறு மறைந்து கிடந்ததற்குக் காரணம் யாது?

அதனை அறிதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஜேர்மனி இருந்த நிலையை நோக்குதல் வேண்டும். 1860ஆம் ஆண்டில் திறெஸ்டன் நகரில் சென்கர் என்னும் நோயியல் அறிஞர், நெருப்புக்காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஓர் இளம் பணிப்பெண்ணின் உடலைச் சோதித்தார். அவளுடைய தசைகளில் நுண்புழுக்கள் நிறைந்திருத்தலைக் கண்டார். செவ்வனே வேகாத பன்றியிறைச்சியினால் அப்புழுக்கள் மனித உடலிற் புகுந்து உயிரையும் போக்கும் என்பது அன்று தெளிவாயிற்று. ஐந்து ஆண்டுகளின் பின், 1865இல், ஹெடர்ஸ்லேபன் என்னும் சிற்றூரில் இப்புழுநோய் பரவி 337 பேரைப் பற்றி 101 பேரைக் கொன்றது. இறைச்சியைச் சட்டப்படி சோதித்தல் வேண்டுமென விர்சோ போன்ற பேரறிஞர்கள் போராடினர். இந்நிலையில், தசை நோவும் கண்ணிமை வீக்கமும் காய்ச்சலும் கொண்டு வந்த நோயாளி எவனையும் புழுநோயாளி என வைத்தியர்கள் எண்ணியதில் வியப்பில்லை. சருமத் தசையழற்சியின் குறிகளும் ஏறத்தாழ அவையே அன்றோ!

இந்நோயின் முதல் விவரணமாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது இலைப்சிக் நகரின் ஏர்ன்ஸ்ற் லேபெரெக்ற் வாக்னர் என்பார் 1863இல் வெளியிட்ட குறிப்பாகும். அவர் அதனை அரியதொரு தசைநோய் என்றே குறித்தார். 1875இல் பாரிஸ் நகரின் பொத்தேன் இத்தகைய ஒரு நோயாளியைக் கண்டு, குதிரைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு நோயின் மாறுபட்ட வடிவம் என முடிவு செய்தார். 1887ஆம் ஆண்டில் வாக்னர், ஹெப், உன்வெறிக்ற் என்னும் மூவரும் தனித்தனியே தாம் கண்ட நோயாளர் பற்றி எழுதினர். அவருள் ஹெப் இட்ட பெயர் கருதத்தக்கது. அவர் இதனைப் 'போலிப் புழுநோய்' என்றார். தசையை வெட்டி நுணுக்குக்காட்டியினூடே நோக்கியபோது அங்கே புழு இல்லை. ஆயினும் புழுவின் நினைவு பெயரை விட்டு அகலவில்லை. ஒரு பொருளை அது யாதென்று கூறவியலாதபோது, அது யாதன்று என்று கூறுதலும் அறிவின் ஒரு படியே.

அடுத்த படியை ஏறியவர் ஹைன்றிக் உன்வெறிக்ற். 1853இல் பிறெஸ்லோவிற் பிறந்த இவர், வலிப்பு நோய் வகையொன்றை விவரித்தமையாலும் மருத்துவ உலகில் நினைக்கப்படுபவர். தசை மட்டுமன்றித் தோலும் தவறாது பாதிக்கப்படுகின்றது என்பதை வற்புறுத்தி, 1891இல் இவர் 'தெர்மற்றோமயோசைற்றிஸ்' என்னும் பெயரை வழங்கினார். பெயரிடுதல் சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் அதுவரை தோற் குறிகளைத் தோல் வைத்தியரும், தசைத் தளர்ச்சியைப் பொது வைத்தியரும் வெவ்வேறாகக் கண்டனர். ஒரு பெயரின் கீழ் அவ்விரண்டும் ஒன்றுசேர்ந்த பின்னரே உலகின் பல பாகங்களிலுமிருந்து வந்த குறிப்புக்களை ஒப்புநோக்குதல் இயல்வதாயிற்று.

தோற் குறிகளின் நுட்பத்தை மேலும் விளக்கியவர் ஜேர்மன் தோல் வைத்தியரான ஹைன்றிக் கொற்றோன். விரல் மூட்டுக்களின் மேல் எழும் தடிப்புக்களை அவர் 1930களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஈண்டு ஒன்று கூறுதல் தகும். கொற்றோன் முதலியோர் கண்ட நோயாளர் வெண்ணிற மேனியர். கத்தரிப்பூ நிறமும் செந்நிறமும் அத்தகைய மேனியிலே தெளிவாகத் தோன்றுவன. கருநிற மேனியில் அதே குறிகள் கபில நிறமாகவோ, சாம்பல் படர்ந்தாற் போலவோ, வெறுங்கருமையாகவோ காணப்படும். நூலிலுள்ள நிறத்தையே தேடும் கண், நோயாளியின் மேனியிலுள்ள நிறத்தைத் தவற விடும். தோல் மருத்துவ நூல்களின் படங்களிற் பெரும்பாலானவை வெண்ணிற மேனிக்குரியவை என்பதும், அதனாற் கருநிற மக்களிடையே நோயைக் கண்டறிதல் காலந்தாழ்த்தப்படலாம் என்பதும் அண்மைக்காலத்தில் வற்புறுத்தப்பட்டு வருகின்றன. எங்கோ எழுதப்பட்ட விவரணம் எங்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ளுதல் ஆகாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1916ஆம் ஆண்டில் வேறொரு செய்தி வெளிவந்தது. ஸ்ரெர்ற்ஸ் என்பார் தசையழற்சியுற்ற ஒருவருக்கு வயிற்றிற் புற்றுநோயும் இருந்தமையை எடுத்துரைத்தார். அதன் பின் இத்தகைய குறிப்புக்கள் பெருகின. இரண்டும் தற்செயலாக ஒருங்கு வந்தனவா, இல்லையேல் ஒன்றால் மற்றொன்று நேர்ந்ததா என்னும் வினா நெடுங்காலம் நிலவியது. தனித்தனி நோயாளரைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காணல் அரிது. சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளின் தேசியப் பதிவேடுகளைத் தொகுத்து ஆராய்ந்த முடிவுகள் 2001இல் வெளிவந்தபோது, சருமத் தசையழற்சியுற்ற 618 பேருள் 198 பேருக்குப் புற்றுநோய் இருந்தமை தெரியவந்தது. இதனால், வளர்ந்தோரிடத்து இந்நோய் காணப்படின், மறைந்துள்ள புற்றுநோயைத் தேடிப் பார்த்தல் வைத்தியர்களின் வழக்கமாயிற்று. எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் குறித்து வைத்த ஒரு குறிப்பு, பின்வந்தோர் பலரின் உயிரைக் காக்கும் எச்சரிக்கையாய் மலர்ந்தது.

இனி, நோயின் மூலகாரணம் பற்றிய கொள்கையை நோக்குதல் வேண்டும். புழுவும் அன்று, கிருமியும் அன்று எனின் தசையை அழிப்பது எது? இவ்வினாவிற்கு விடை காண்பதற்குத் தடையாய் நின்றது ஒரு பேரறிஞரின் வாக்கு என்பது வியப்புக்குரியது. பவுல் ஏர்லிக் என்பார் நிர்ப்பீடனவியலின் தந்தையருள் ஒருவர். 1908இல் மெச்னிக்கோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தவர். அவரும் மோர்கென்றொத்தும் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் குருதியை ஏற்றிச் சோதித்தனர். அவ்வாடுகள் பிற ஆடுகளின் குருதிக் கலங்களை அழிக்கும் பொருள்களை உண்டாக்கின. தம் குருதியை அழிக்கும் பொருளை உண்டாக்கவில்லை. இதனைக் கண்ட ஏர்லிக், 1901ஆம் ஆண்டளவில், உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சுகின்றது என்னும் கருத்தமைந்த இலத்தீன் தொடர் ஒன்றை வழங்கினார். அவ்வாறு தீங்கு நேராவண்ணம் தடுக்கும் ஒழுங்குகள் உடலில் உள்ளன என்பதே அவர் கருத்து. அவ்வொழுங்குகள் குலைந்தால் நோய் விளையலாம் என்பதை அவர் கருத்து விலக்கவில்லை.

பின்வந்தோர் அத்தொடரை வேறு விதமாகக் கொண்டனர். உடல் தன்னைத் தாக்க அஞ்சுகின்றது என்பது, உடல் தன்னைத் தாக்கவே மாட்டாது என்பதாகத் திரிந்தது. தடை என்பது இயலாமை எனப் பொருள் கொள்ளப்பட்டது. 1904ஆம் ஆண்டிலேயே வியன்னாவில் டொனாத், லாண்ஸ்ரைனர் என்னும் இருவர், குளிர்பட்டபோது குருதி சிதைந்து சிறுநீரிற் செல்லும் நோயொன்றில், நோயாளியின் குருதியிலுள்ள பிறபொருளெதிரியே அவருடைய சொந்தக் கலங்களை அழிக்கின்றது என நிறுவியிருந்தனர். சான்று கண்ணெதிரே இருந்தது. இருந்தும் அது விதிவிலக்கென ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம், வேலியே பயிரை மேயலாம் என்னும் எண்ணம் மருத்துவ உலகின் பெரும்பகுதிக்கு உவப்பாகவில்லை. ஆசிரியரின் சொல்லை ஆசிரியரினும் மிகையாகப் போற்றிய மாணவ பரம்பரையால் விளைந்த தாமதம் இது.

அத்தடை நீங்கிய விதமும் அறியத்தக்கது. ஏர்ன்ஸ்ற் விற்றெப்ஸ்கி என்பார் ஏர்லிக்கின் மாணவரான ஹான்ஸ் சாக்சிடம் பயின்றவர், அம்மரபில் ஊறியவர். நாற்சிகளின் ஆட்சி எழுந்தபோது யூதராகிய அவர் ஜேர்மனியை விட்டு அமெரிக்கா சென்று, பின்னர் பபலோ நகரிற் பணியாற்றினார். அவரிடம் ஆராய்ச்சியாளராய் இருந்த நோயல் றோஸ் என்னும் இளைஞர், முயலின் தைரொயிட் சுரப்பியிலிருந்து எடுத்த புரதத்தைத் துணைப்பொருளுடன் சேர்த்து முயலுக்கே ஏற்றினார். முயல் தன் சொந்தப் புரதத்திற்கு எதிராகப் பிறபொருளெதிரியை உண்டாக்கியது, சுரப்பியும் அழற்சியுற்றது. தாம் போற்றிய கொள்கைக்கு மாறான முடிவைத் தம் ஆய்வுகூடத்திலேயே கண்ட விற்றெப்ஸ்கி, அதனை மறைத்தாரல்லர், அவசரப்பட்டு அறிவித்தாருமல்லர். மீண்டும் மீண்டும் சோதித்த பின்னரே 1956இல் முடிவுகள் வெளிவரலாயின. அதே ஆண்டில் இலண்டனில் றொயிற், டெபோறா டொனியாக் முதலியோர், ஹஷிமோட்டோ நோய் எனப்படும் தைரொயிட் நோயாளரின் குருதியில் அத்தகைய பிறபொருளெதிரிகளைக் கண்டனர். தன்னிர்ப்பீடன நோய் என்னும் கருத்து அன்று முதல் நிலைபெறலாயிற்று. சருமத் தசையழற்சியும் காலப்போக்கில் அக்குடும்பத்தில் இடம் பெற்றது.

கொள்கை தெளிவுறும் முன்னரே மருந்து வந்தது. 1948ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச், மூட்டுவாதத்தால் நடக்க இயலாதிருந்த ஒரு பெண்ணுக்கு, கெண்டால் பிரித்தெடுத்த அதிரீனற் சுரப்பிப் பொருளை ஏற்றினார். சில நாள்களில் அவள் எழுந்து நடந்தாள். பின்னர் கோட்டிசோன் எனப் பெயர்பெற்ற அம்மருந்துக்காக ஹெஞ்ச், கெண்டால், றைக்ஸ்ரைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. சருமத் தசையழற்சிக்கும் இவ்வகை மருந்துகள் விரைவிலேயே பயன்படுத்தப்பட்டன. அதன் பயனை உணர்தற்குச் சிறுவர்களின் நிலையை ஒப்பிடுதல் போதும். இம்மருந்துகள் வருமுன், இந்நோயுற்ற பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் இறந்தனர். மூன்றிலொரு பங்கினர் கைகால் முடங்கி வாழ்ந்தனர். எஞ்சிய மூன்றிலொரு பங்கினரே தேறினர். இன்று தக்க சிகிச்சை பெறும் பிள்ளைகளுள் இறப்போர் நூற்றுக்கு மூவரினும் குறைவாகும்.

ஆயினும் கோட்டிசோன் வகை மருந்துகள் விலையின்றி வரம் தருவன அல்ல. நெடுங்காலம் உட்கொள்வோருக்கு எலும்பு நலிவும், நீரிழிவும், குருதி அமுக்கமும், கிருமித் தொற்றும் நேர்கின்றன. தசைநோய்க்கு மருந்தாகக் கொடுத்ததே மிகுந்தபோது தசையை மெலிவிப்பதும் உண்டு. எனவே அதன் அளவைக் குறைக்க வல்ல துணைமருந்துகள் தேடப்பட்டன. 1968இல் மாளவியா என்னும் இந்திய மருத்துவர், மெனி, ஷுவார்ற்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, மெதொற்றெக்சேற் என்னும் மருந்து இந்நோயிற் பயன்படுதலை இலண்டன் 'லான்செற்' இதழில் எழுதினார். அம்மருந்து இன்றும் வழக்கிலுள்ளது.

புகழ்பெற்ற ஆங்கில நடிகர் லோறன்ஸ் ஒலிவியே 1974இல் இந்நோய்க்கு ஆளானார். உடல் வலிமையே மூலதனமான மேடைக்கலையை அவர் அவ்வாண்டுடன் விடவேண்டியதாயிற்று. ஆனாற் கலையை விட்டாரில்லை. தேறிய பின் திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் நடித்தார். 1983இல் சேக்ஸ்பியரின் லியர் மன்னனாகத் தொலைக்காட்சியில் தோன்றினார். 1989இல் தமது 82ஆம் வயதிலேயே காலமானார்.

1975ஆம் ஆண்டில் போகன், பீற்றர் என்னும் இருவர் நோயை உறுதிசெய்தற்கு ஐந்து அளவைகளை வகுத்தனர். இருபுறமும் ஒத்த தசைத்தளர்ச்சி, குருதியில் தசை நொதியங்களின் உயர்வு, தசையின் மின்னியக்க மாறுபாடு, தசைத்துண்டின் நுண்தோற்றம், தோற் குறி என்பன அவை. புதிய அளவைகள் 2017இல் வகுக்கப்படும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இவையே உலகெங்கும் ஆண்டன. இதற்கிடையில் தாக்குதல் எங்கே தொடங்குகின்றது என்பதும் புலனாயிற்று. 1966இல் பாங்கர், விக்ரர் என்போர், சிறுவர்களிடத்து இந்நோய் தசையை மட்டுமன்றி நுண்குருதிக் குழாய்களையும் தாக்குவதாகக் காட்டினர். 1986இல் கிசெல், மெண்டெல் முதலியோர், நிர்ப்பீடனத்தின் படைக்கலங்களுள் ஒன்றாகிய நிரப்பிப் புரதத் தொகுதி அக்குழாய்களிற் படிந்திருத்தலைக் கண்டனர். குழாய்கள் கெடவே குருதி குன்றுகின்றது. குருதி குன்றவே தசைக்கட்டின் ஓரத்திலுள்ள நார்கள் முதலில் மெலிகின்றன. கால்வாய் தூர்ந்தால் வயலின் கடைமடை முதலில் வாடுதல் போன்றது இது.

நோயாளரின் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் ஒவ்வொன்றாய் இனங்காணப்பட்டமை அடுத்த அத்தியாயம். 1976இல் 'மி-2' என்பதும் 1980இல் 'ஜோ-1' என்பதும் அறியப்பட்டன. இப்பெயர்கள் நோயாளரின் பெயரெழுத்துக்களைக் கொண்டு அமைந்தவை. குருதியை ஈந்த நோயாளர் இவ்வாறு அறிவியலின் ஏட்டில் இரண்டெழுத்தாய் நிலைத்தனர். 2005இல் ஜப்பானிய ஆய்வாளர் கண்ட மற்றொரு பிறபொருளெதிரி, தசை தளராமலே தோலையும் நுரையீரலையும் கடுமையாகத் தாக்கும் நோய்வகையைச் சுட்டுகின்றது. அது தாக்கும் புரதம் யாதெனில், வைரசுகளை உணர்ந்து உடலுக்கு அறிவிக்கும் காவற் புரதமாகும். 2006இல் அறியப்பட்ட வேறொன்று வளர்ந்தோரிடத்துப் புற்றுநோயுடன் நெருங்கிய தொடர்புடையது; பிள்ளைகளிடத்து அத்தொடர்பு இல்லை. ஸ்ரெர்ற்ஸ் 1916இல் எழுப்பிய வினாவின் விடை இவ்வாறு மெல்ல மெல்ல உருப்பெறுகின்றது.

சிகிச்சையின் அண்மை வரலாற்றில் ஒரு முரண் உண்டு. பிறபொருளெதிரியால் நேரும் நோய்க்குப் பிறபொருளெதிரியே மருந்தாயிற்று. ஆயிரக்கணக்கான நலமுள்ளோரின் குருதியிலிருந்து திரட்டிய பிறபொருளெதிரிகளை நாளத்தில் ஏற்றும் முறையை டலாகஸ் முதலியோர் 1993இல் பதினைந்து நோயாளரிடம் சோதித்து நற்பயன் கண்டனர். 95 பேரைக் கொண்டு நிகழ்ந்த பெருஞ்சோதனையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 79 பேர் முன்னேறினர். போலி மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 44 பேரே முன்னேறினர். அமெரிக்க அரசு 2021இலேயே இச்சிகிச்சைக்கு அனுமதி வழங்கியிருந்தது. எனினும் இம்மருந்து மிகுந்த விலையுடையது. அறிவு எய்திய இடமெல்லாம் மருந்தும் எய்தும் எனக் கூறுதற்கில்லை.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன மூன்று. முதலாவது, மனிதன் தன் துன்பத்திற்குக் காரணத்தை எப்பொழுதும் புறத்தேயே தேட விழைகின்றான் என்பது. புழு, குதிரைநோய் என்று தேடிய பின்னரே அகத்தே நோக்கும் துணிவு பிறந்தது. இரண்டாவது, பெரியோர் வாக்கைப் போற்றுதல் வேறு, அதனை ஆராயாது நீட்டிப் பொருள் கொள்ளுதல் வேறு என்பது. ஏர்லிக் தவறவில்லை, அவர் தொடரை மனனஞ் செய்தோரே தவறினர். அம்மரபிற் பிறந்த விற்றெப்ஸ்கியே தம் கண்ணெதிரே கண்ட சான்றுக்குத் தலைவணங்கி அத்தவற்றைத் திருத்தினார் என்பதும் நினைக்கத்தக்கது. மூன்றாவது, சிறு குறிப்பும் வீண்போவதில்லை என்பது. 1863இல் ஒருவர் வியந்து எழுதியதும், 1916இல் மற்றொருவர் ஐயுற்று எழுதியதும் பின்வந்த தலைமுறைகளின் கையில் உயிர்காக்கும் அறிவாயின.

நோயின் முதற்காரணம் இன்னும் முற்றாக விளங்கவில்லை. காவற் புரதம் ஏன் பகையென எண்ணப்படுகின்றது, தொடக்கத்தில் தீ மூட்டுவது வைரசா, சூரிய ஒளியா, பிறப்புரிமைக் கூறா என்பன இன்றும் ஆராயப்படுகின்றன. படி ஏற இயலாத ஒருவரைச் சோம்பேறி என்றோ, இமை கறுத்த ஒருவரைத் தூக்கமில்லாதவர் என்றோ எளிதிற் கூறிவிடலாம். அங்ஙனம் கூறாது, இவ்விரண்டும் ஒரே உடலில் ஏன் சேர்ந்து வந்தன என வினவியவர்களாலேயே இவ்வரலாறு நடந்தேறியது. இனிவரும் பகுதியும் அத்தகையோராலேயே எழுதப்படும்.